துப்பாக்கிக் குழலில் ஏழு சுவரம்

சென்னையிலிருந்து ஜபல்பூர் வழியாகக் காசிக்குப் போகும் ரயிலில், கட்னி தாண்டிச் சத்னா வருவதற்குள் மைஹர் என்று ஒரு ஸ்டேஷன் வரும். நம்மூர்ப் பயணிகள் பெரும்பாலும் அங்கே இறங்குவதில்லை. வடக்கத்தியர் கூட்டமாக இறங்குவார்கள். ஊரை ஒட்டிய திரிகூட மலையின் உச்சியில் சாரதா தேவி இருக்கிறாள். அவளைப் பார்க்க 1063 படி ஏற வேண்டும். கலைவாணியின் பெயரைத் தாங்கிய அந்த மலையின் அடிவாரத்தில்தான், நூறு ஆண்டுக்கு முன்பு, துப்பாக்கிகளை அறுத்து ஒரு வாத்தியம் செய்தார்கள். அநாதைப் பிள்ளைகள் வாசிப்பதற்காக.

அந்த வாத்தியத்தின் பெயர் நல்தரங். இந்தியில் 'நல்' என்றால் குழாய். தரங்கம் என்றால் அலை என்பது நமக்குத் தெரிந்ததுதான். தமிழ்க் காதுக்கு அது 'நல்ல அலை' என்று கேட்பது தற்செயல். ஆனால் எனக்கு அந்தத் தற்செயலை விட்டுவிட மனமில்லை.

ஜலதரங்கம் பார்த்தவர்களுக்கு நல்தரங்கைப் புரிய வைப்பது எளிது. சீதா துரைசாமி அம்மாள் அரைவட்டமாகப் பீங்கான் கிண்ணங்களை அடுக்கி, கரண்டியால் தண்ணீர் விட்டுச் சுருதி சேர்த்து, இரண்டு குச்சிகளால் தட்டிக் கீர்த்தனை வாசித்தது நினைவிருக்கும். சிறுவயதில் நவராத்திரிக்கு யார் வீட்டிலாவது ஜலதரங்கம் வைத்தால், மறுநாள் எங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாம் தண்ணீரோடு வரிசையில் நிற்கும். இரண்டு ஸ்பூன்களோடு நான் உட்கார்ந்திருப்பேன். நல்தரங்கில் கிண்ணம் இல்லை, தண்ணீர் இல்லை. அவற்றின் இடத்தில் நீளம் குறைந்துகொண்டே போகும் இரும்புக் குழல்கள் கிடக்கின்றன. தட்டினால் கோயில் மணியின் கடைசி ரீங்காரம் போல ஒரு நாதம் வருகிறது. அந்தக் குழல்கள் ஒரு காலத்தில் துப்பாக்கியின் குழல்கள்.

அதைச் செய்தவர் அலாவுதீன் கான். ரவிசங்கரின் குரு, அலி அக்பர் கானின் தந்தை என்றால் நமக்குச் சட்டென்று தெரியும். மைஹரில் அவர் 'பாபா'. இந்த வாத்தியம் ஏன் பிறந்தது என்று தெரிய, அவர் எத்தனை வாசல்களில் நின்றார் என்று முதலில் தெரிய வேண்டும்.

இன்றைய வங்கதேசத்தில் பிராமன்பாரியாவுக்குப் பக்கத்தில் ஷிப்பூர் என்னும் கிராமத்தில் பிறந்தவர். சிறுவனாக வீட்டை விட்டு ஓடிக் கல்கத்தா வந்து சேர்ந்தார். நூலோ கோபால் என்ற பாடகரிடம் போய் நின்றபோது அவர் வைத்த நிபந்தனை, 12 ஆண்டு சுவரப் பயிற்சி மட்டும் செய்ய வேண்டும் என்பது. நம்மூர்க் கணக்கில் சொன்னால், சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் தாட்டு வரிசையும் மட்டுமே 12 வருடம். கீர்த்தனை அதற்குப் பிறகு. பையன் ஒப்புக்கொண்டான். ஏழாம் ஆண்டில் பிளேக்கில் குரு போய்விட்டார். அதோடு வாய்ப்பாட்டைத் தொழிலாகக் கொள்வதில்லை என்று விட்டு, வாத்தியங்களின் பக்கம் திரும்பினார்.

பிறகு கையில் கிடைத்த எதையும் விடவில்லை. விவேகானந்தரின் உறவினரான ஹாபு தத் கல்கத்தாவில் ஒரு வாத்தியக் குழு நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் பலவற்றைக் கற்றார். லோபோ என்ற கோவாக்கார பேண்டு மாஸ்டரிடம் வயலின் கற்றார். ஹஜாரி உஸ்தாதிடம் ஷெனாய். தபலாவும் பக்வாஜும் வேறு. நாடகக் கம்பெனியில் வாசித்து வயிற்றைக் கழுவினார். முக்தாகாச்சா ஜமீனில் அகமத் அலி கானின் சரோதைக் கேட்ட பிறகுதான், இத்தனை நாள் கற்றதெல்லாம் அதன் வாசல்படி வரைக்கும்தான் என்று அவருக்குப் பட்டது.

அங்கிருந்து ராம்பூர். நவாப் ஹமீத் அலி கானின் அரசவையில் தான்சேன் வம்சத்து வஸீர் கான் இருந்தார். அவரைப் பார்க்கக் காவல்காரன் விடவில்லை. நவாபின் வண்டிக்கு முன்னால் விழுந்து அலாவுதீன் தம் விண்ணப்பத்தைச் சொன்னார் என்பது இசைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் கதை. நவாப் சொன்னதால் வஸீர் கான் சீடனாக ஏற்றுக்கொண்டார். ஏற்றாரே தவிர, இரண்டு ஆண்டுக்கு மேல் எதுவும் சொல்லித் தரவில்லை. ஊரில் மனைவி படும் துயரம் பற்றிச் செய்தி வந்து, அது குருவின் காதுக்கு எட்டிய பிறகே பாடம் தொடங்கியது. அப்போதும் ஒரு கதவு சாத்தியே இருந்தது. பீன் என்று அவர்கள் சொல்லும் ருத்ர வீணை வம்சத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், வெளியாளுக்கு இல்லை. அதன் சங்கீதத்தையெல்லாம் சொல்லித் தந்தார், பீனை மட்டும் தொடவிடவில்லை. சரோதில் வாசித்துக்கொள் என்றார்.

வஸீர் கானைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரசவையை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு ராகமும் பந்திஷ் என்னும் உருப்படிகளும்தான் நிலம், நகை எல்லாம். பெண்ணுக்குச் சீராக பந்திஷ்களைக் கொடுத்ததாகக்கூட அந்த உலகத்தில் பேசுவார்கள். பூட்டி வைத்தார்கள் என்றால் காரணம் இருந்தது. ஆனால் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதும் உண்மைதானே. 1918-ல் மைஹருக்கு வந்த மனிதர், வெளியே நின்று காலம் கழித்தவர்.

மைஹர் சுமார் 400 சதுர மைல் பரப்புள்ள ஒரு சின்ன சமஸ்தானம். ராஜா பிரிஜ்நாத் சிங்குக்குச் சங்கீதத்தில் பற்று. அலாவுதீன் கானை அழைத்துக் குருவாக வைத்துக்கொண்டார். அந்த ஆண்டில்தான் இன்ஃப்ளூயன்சா வந்தது. ஜூனில் பம்பாயில் தொடங்கி, மழைக்காலம் முடிந்ததும் கொடூரமாகத் திரும்பி வந்த காய்ச்சல். இந்தியாவில் மட்டும் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். நாட்டின் நடுப்பகுதி அதிகமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. நல்ல வயதில் இருந்தவர்களைத்தான் அந்தக் காய்ச்சல் அதிகம் கொண்டுபோனது. அதாவது, அப்பாக்களையும் அம்மாக்களையும். ஊருக்கு ஊர் பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

மைஹரில் மிஞ்சிய பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு ராஜாவும் பாபாவும் கண்ட பதில்தான் மைஹர் பேண்டு. பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டு, வாத்தியம் கற்றுக் கொடுப்பது. ஆணும் பெண்ணும் இருந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள். கரானா என்னும் எந்த இசைப் பரம்பரையையும் சேராதவர்கள். இசைக்காரப் பாட்டன் பெயரைச் சொல்லி மரியாதைக்குக் காதைத் தொடத் தெரியாதவர்கள். ராம்பூர்க் கணக்கில் பார்த்தால், இந்தச் சங்கீதத்தின் வாசலில் நிற்கக்கூட அவர்களுக்கு உரிமை இல்லை.

ஏன் பேண்டு என்பதை யோசித்துப் பார்க்கிறேன். இந்துஸ்தானி இசை ஒற்றை ஆளின் இசை. ஒருவர் ஆலாபனை செய்வார், ஒருவர் தபலா போடுவார், பின்னால் தம்பூரா. ராகத்தைத் தன் மனப்படி விரித்துச் சபையில் உட்கார ஒருவனுக்குப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தப் பாதையை மட்டும் காட்டினால் பாதி வழியில் திரும்பிவிடுவான். ஆனால் கல்கத்தாவில் ஹாபு தத்தின் குழுவிலும் நாடகக் கொட்டகையிலும் பாபா வேறொன்றைப் பார்த்திருந்தார். வயலினும் ஷெனாயும் ஆர்மோனியமும் மேளமும் சேர்ந்து உட்கார்ந்து, முன்பே கட்டி வைத்த ஒரு இசையை ஒன்றாக வாசிப்பது. அதில் ஒரு பிள்ளை தன் பங்கை மட்டும் பிசகாமல் வாசித்தால் போதும். அவனுடைய நாலு சுவரம் பெரிய நாதத்துக்குள் ஒரு இழையாகிவிடும். இரண்டு, மூன்று வருடப் பயிற்சியிலேயே சபையில் உட்காரலாம். கைத்தட்டல் கேட்கலாம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சிறுவயதில் வீட்டை விட்டு ஓடியவர் உணர்ந்திருப்பார்.

இதை வேறு யாராலும் செய்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. சிதார், சரோத், எஸ்ராஜ், வயலின், செல்லோ, ஆர்மோனியம், பியானோ, தபலா, டோலக் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் கற்றுத்தர ஒன்பது ஆசிரியர்கள் வேண்டும். பாபா ஒருவர் போதுமானவராக இருந்தார். ஒரு குருவை விட்டு இன்னொரு குருவிடம் ஓடிக்கொண்டே இருந்ததைச் சபலம் என்றுகூட அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அந்த ஓட்டத்தில் சேர்ந்ததெல்லாம் இங்கேதான் செலவானது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. ஆகவே பாடம் முழுக்க வாயும் காதும். ராகங்களிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் மேற்கத்திய சாயலிலும் அவர் உருப்படிகள் கட்டினார். பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள்.

அந்தக் குழுவுக்கு ஒரு புதிய நாதம் தேவைப்பட்டது. தந்தி வாத்தியங்கள் நிறைய; அவற்றின் மேலே துல்லியமாக, மணிபோல ஒலிக்கும் ஒன்று வேண்டும். மேற்கத்தியக் குழுவில் அதற்கென்று உலோகப் பட்டை அடுக்கிய வாத்தியங்கள் உண்டு. மைஹரில் எங்கே போவது? நல்ல எஃகில், உட்புறம் சீராகத் துளைத்த, நேரான குழாய் 1918-ல் ஒரு சின்ன சமஸ்தானத்தில் எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட குழாய் இருந்த ஒரே இடம் ராஜாவின் ஆயுதசாலை என்றே எனக்குத் தோன்றுகிறது. ராஜா துப்பாக்கிகளைக் கொடுத்தார். கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழலை மட்டும் எடுத்து அறுத்தார்கள்.

அறுப்பது என்று சொல்லிவிட்டேன். அது அவ்வளவு சுலபமான வேலை அல்ல. தந்தியில் மேல் ஸட்ஜம் வேண்டும் என்றால் நீளத்தைப் பாதியாக்கினால் போதும். வீணையில் நடு மெட்டில் விரல் வைத்தால் அதுதான் நடக்கிறது. தட்டி ஒலிக்கும் குழாயின் கணக்கு வேறு. ஒரே பருமனுள்ள குழாயில் ஸ்தாயி ஒன்று உயர நீளத்தைப் பாதியாக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காக்கினாலே போதும். 40 சென்டிமீட்டர் குழாய் ஸட்ஜம் பேசினால், பஞ்சமம் 32.7 சென்டிமீட்டரில், மேல் ஸட்ஜம் 28.3 சென்டிமீட்டரில் பேசும். ஒரு சுவரத்துக்கும் அடுத்த சுவரத்துக்கும் நடுவில் நீள வித்தியாசம் விரல்கடை அளவு, சில இடத்தில் அதிலும் குறைவு. அதுவும் இது சீரான குழாய்க்கு மட்டும் பொருந்தும் கணக்கு. துப்பாக்கிக் குழல் அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். அங்கே எந்த வாய்ப்பாடும் உதவாது. கொஞ்சம் அறுத்து, தட்டிப் பார்த்து, அரத்தால் ராவி, மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். நுனியை ராவினால் சுருதி ஏறும். நடுவில் ராவி மெலிதாக்கினால் இறங்கும். அதிகமாக அறுத்துவிட்டால் அந்தக் குழல் அடுத்த சுவரத்துக்குத்தான் ஆகும். தூக்கிப் பிடிக்கும் இடமும் முக்கியம். இரண்டு முனையிலிருந்தும் உள்ளே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தள்ளி ஒரு புள்ளி உண்டு. குழாய் அதிரும்போது அந்த இடம் மட்டும் அசையாது. அங்கே தாங்கினால் நாதம் நிற்கும். வேறெங்கு வைத்தாலும் 'டக்' என்று செத்துப்போகும். பௌதிகம் இதை எழுதி வைத்திருக்கிறது. பாபாவுக்கு அதைச் சொன்னது, 12 வருட ஒப்பந்தத்தில் ஏழு வருடம் வெறும் சுவரம் பாடிப் பழகிய காதாகத்தான் இருக்க வேண்டும்.

வாத்தியம் செய்வது அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாபாவின் தம்பி ஆயத் அலி கான் சுர்பஹார் வித்வான், வாத்தியம் செய்வதிலும் கெட்டிக்காரர். அண்ணனும் தம்பியுமாகச் சரோதின் வடிவத்தையே மாற்றினார்கள். வயிற்றை வட்டமாக்கி, தந்திகளைக் கூட்டி, 25 தந்தியுள்ள மைஹர் சரோதைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் 15, வாசிக்காமலே உடன் அதிர்வதற்கு. வில் போட்டு வாசிக்கும் சந்திரசாரங் என்ற ஒன்றும் பாபாவின் பட்டறையில் பிறந்ததுதான். சிதாரையும் பேஞ்சோவையும் இணைத்து ஒன்று செய்தார். பீன் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவர் கையில் இத்தனை புது வாத்தியங்கள்.

பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்த வாயும் காதுமான பாடமுறை, தங்கிக் கற்கும் பெரிய சீடர்களுக்கும் தொடர்ந்தது. 1935-ல் உதயசங்கரின் நாட்டியக் குழுவோடு பாபா ஐரோப்பா போனார். குழுவில் உதயசங்கரின் தம்பி இருந்தான். பாரிஸில் வளர்ந்த, நன்றாக உடுத்துகிற பையன். 1938-ல் தலையை மழித்துக்கொண்டு மைஹரில் வந்து இறங்கினான். ஒரு கயிற்றுக் கட்டில், கரப்பான்பூச்சி, ராத்திரியில் நரியின் ஊளை. ஒருநாள் பாபா கோபத்தில், மணிக்கட்டில் பலமில்லை, போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்று சொல்ல, மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டான். சமாதானமாகி, 1944 வரை இருந்தான். உலகம் அறிந்த ரவிசங்கர் ஆனது அந்தக் கட்டிலில் படுத்து எழுந்துதான்.

பாபா கை ஓங்குபவர் என்பதை மறைக்க விரும்பவில்லை. மகன் அலி அக்பரை மரத்தில் கட்டிப்போட்டு அடித்திருக்கிறார், மகனே சொன்னது. இதை பக்தியின் அடையாளமாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் உண்டு, வடக்கிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடி இல்லாமலே அந்த வீட்டில் கற்றுக்கொண்ட ஒருத்தி இருந்தாள் என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்.

அவள் அன்னபூர்ணா. 1927-ல் மைஹரில் பிறந்தவள். அந்தப் பெயரை வைத்தவர் ராஜா. மூத்த மகள் புகுந்த வீட்டில் தம்பூராவை எரித்துவிட்டார்கள், அவள் துயரத்திலேயே மடிந்தாள் என்பார்கள். அதனால் இளையவளுக்குச் சங்கீதம் வேண்டாம் என்று பாபா முடிவு செய்திருந்தார். ஒருநாள் அலி அக்பர் பாடத்தில் தடுமாற, விளையாடிக்கொண்டிருந்த சிறுமி, அப்பா சொல்லித் தந்தது அப்படி இல்லை, இப்படி என்று பாடிக் காட்டினாள். கதவருகே வந்து நின்ற அப்பாவை அவள் பார்க்கவில்லை. அன்றே பாடம் தொடங்கியது. குருவின் வீட்டில் தங்கிக் கற்பதன் பொருள் இதைவிடத் தெளிவாக எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. பாடவேளை என்று ஒன்று தனியாக இல்லை. சமையலறையிலும் கிணற்றடியிலும் பாடம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பின்னாளில் நிகில் பானர்ஜி அங்கே தங்கியபோது காலை 4 மணிக்கு எழுந்து இரவு 11 மணி வரை சாதகம் செய்தாராம். பன்னாலால் கோஷ், மூங்கில் புல்லாங்குழலை இந்துஸ்தானிக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர், பெயர் பெற்ற பிறகும் 1947-ல் சீடனாக வந்து உட்கார்ந்தார்.

அந்த வீட்டுப் பாடம் வெளியூருக்கும் போனது. அலி அக்பர் கான் 1956-ல் கல்கத்தாவிலும் 1967-ல் கலிபோர்னியாவிலும் தம் பெயரில் கல்லூரி தொடங்கினார். அதற்கு முன் கலிபோர்னியாவில் ஒரு அமைப்பு நடத்திய கோடை வகுப்புகளில் அவரும் கற்பித்தார், நம் பாலசரஸ்வதியும் கற்பித்தார். மைஹர் வீட்டுப் பாடமும் தஞ்சாவூர் வீட்டுப் பாடமும் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் கிடைத்த காலம் அது.

பெரிய பெயர்கள் எல்லாரும் மைஹரை விட்டுப் போனார்கள். போகாமல் இருந்தது பேண்டு. சீடர்களின் பட்டியலை எந்த இசைப் புத்தகத்திலும் பார்க்கலாம். 1918-ல் வாத்தியத்தைக் கையில் வாங்கிய அந்தப் பிள்ளைகளின் பெயர்களைத் தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் குறைவு. எனக்கு அது உறுத்துகிறது. மைஹர் பாணி என்று இன்று உலகம் சொல்வது முதலில் ஒலித்தது அவர்கள் கையில்தானே. சமஸ்தானம் போன பிறகு பேண்டு அரசின் பொறுப்புக்கு வந்தது. ஊரில் ஒரு அரசு இசைக் கல்லூரியும் இருக்கிறது. முதல் பிள்ளைகள் மூப்படைந்து இடம் காலியாக, அடுத்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உருப்படிகள் இன்னும் வாயிலிருந்து காதுக்குத்தான் போகின்றன.

ஜலதரங்கத்தை ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாகச் சுருதி சேர்க்க வேண்டும். காற்றில் தண்ணீர் குறையும். கரண்டி எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அறுத்து ராவிய குழலுக்கு அந்த வேலை இல்லை. பாபா 1972 செப்டம்பர் 6-ல் காலமானார். அவர் அரம் போட்டு நிறுத்திய இடத்தில் அந்த இரும்பு நிற்கிறது. மைஹரில் நல்தரங் வாசிப்பவர் உட்கார்ந்ததும் சுருதி பார்க்க வேண்டியதில்லை. குச்சிகளை எடுத்து நேராக வாசிக்கத் தொடங்கிவிடலாம்.